இனாரியில் நிற்காது

ரயில்வே உப்பைத் தின்று ஓய்வு பெற்றவன் வண்டி மாறி ஏறினால், அதை வெளியில் சொல்லாமல் இருப்பதுதான் உத்தமம். ஆனால் என் பேரன் ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லிவிட்டான். விழுப்புரத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் வரைக்கும் செய்தி போய், "என்ன சார், ஜப்பான்ல வண்டி மாறி ஏறிட்டீங்களாமே?" என்று போன் வந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை. அவன் சொல்லிப் பரவுவதைவிட, எனக்குச் சாதகமான இரண்டொரு திருத்தங்களோடு நானே சொல்லிவிடுகிறேன்.

ஊர் கியோட்டோ. 794-இல் தலைநகரானது. 1868-க்குப் பிறகு பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபோகும்வரை, ஆயிரம் வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. போனவர்கள் நான், மனைவி, 16 வயதுப் பேத்தி, 13 வயதுப் பேரன். மகனுக்கும் மருமகளுக்கும் லீவு கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் மகன் என்னை ஓரமாக அழைத்துப்போய், "பசங்களை நீங்கதாம்பா பார்த்துக்கணும்" என்றான். அந்த வாக்கியத்தை நான் எழுத்துமூலமான உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன். கோடு போட்ட நோட்டு ஒன்றில், எந்த நாள் எந்தக் கோயில், கட்டியவர் யார், எந்த வருஷம் எரிந்தது, எப்போது திரும்பக் கட்டினார்கள் என்றெல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மரத்தால் கட்டிய ஊர் என்பதால் எரிந்த வருஷங்களுக்கே பல பக்கம் பிடித்தது. புகழ்பெற்ற பொன் மண்டபமே 1950-இல் ஓர் இளம் துறவி வைத்த தீயில் போய், 1955-இல் புதிதாக எழுந்ததுதான். பிள்ளைகளை அந்தந்த இடத்தில் நிறுத்தி வைத்துச் சொல்வதாகத் திட்டம். அவர்கள் நிற்பார்களா என்பதைப் பற்றி நோட்டில் குறிப்பு எதுவும் இல்லை.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஃபுஷிமி இனாரி என்ற மலைக்கோயிலுக்குப் போக வேண்டும். கியோட்டோவிலிருந்து நாரா போகும் பாதையில் இரண்டாவது நிலையம்; ஐந்து நிமிஷப் பயணம். ஆனால் அந்தப் பாதையில் இரண்டு விதமான வண்டிகள் ஓடுகின்றன. எல்லா இடத்திலும் நிற்பது ஒன்று. இனாரியில் நிற்காமல் போகும் 'ரேபிட்' இன்னொன்று. பலகையில் இது ஆங்கிலத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. எனவே மொழி தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

நான் பலகையைப் பார்க்கவில்லை. ஓட்டுநரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கையுறை போட்ட இளைஞர் தனியாக நின்று, சிக்னலை விரல் நீட்டிக் காட்டி வாய்விட்டு ஏதோ சொன்னார். பிறகு கடிகாரத்தைக் காட்டி ஒன்று சொன்னார், கால அட்டவணையைக் காட்டி இன்னொன்று சொன்னார். நம் ஊரிலும் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னல் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வது உண்டு. இவரோ தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார். 1994-இல் ஜப்பானிய ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையில், இப்படிச் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்கிறவர்கள் செய்யும் தவறு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. இதைப் பேரனுக்கு விளக்கிக்கொண்டே ஏறினேன். தவறைத் தடுக்கும் உத்தியை வியந்துகொண்டே தவறான வண்டியில் ஏறியவர்கள் ரயில்வே சரித்திரத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

தோஃபுகுஜியில் நின்றது. அடுத்து ஒரு நிலையம், செந்தூர நிறத் தூண்களோடு, சன்னலில் விறுவிறுவென்று ஓடி மறைந்தது.

"தாத்தா, அதுதான் இனாரி" என்றாள் பேத்தி.

"தெரியும். நாம முதல்ல உஜிக்குப் போறோம்."

உஜி என்ற பெயர் எப்படி வாயில் வந்தது என்றால், நோட்டில் நான்கு பக்கம் தள்ளி இருந்தது. அவள் கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள். "ரொகுஜிசோவுல இறங்கித் திரும்பினா…" என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அந்த நிறுத்தம் இருக்கிறதே, அதற்கு ஒரு தனி நாசூக்கு வேண்டும். பாட்டியிடமிருந்து அது அவளுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. ஏனென்றால் பாட்டி அடுத்த நிமிஷமே, "முதல்ல உஜின்னா, மலை ஏறணும்னு பசங்களைக் காலையில ஷூ போடச் சொன்னது எதுக்கு?" என்று கேட்டாள்.

உஜியில் 1053-இல் கட்டிய ஃபீனிக்ஸ் மண்டபம் இருக்கிறது. குளத்தின் நடுவே இரண்டு பக்கமும் சிறகு விரித்த மாதிரிக் கட்டடம். பத்து யென் நாணயத்தில் பொறித்திருப்பது இதைத்தான். பேரன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாணயத்தை நீட்டிப் பிடித்து, மண்டபமும் நாணயமும் சரியாகப் பொருந்தும் இடத்தைத் தேடிக் குளக்கரையை முக்கால் வட்டம் நடந்தான். நான் வாய் திறக்காமலே ஒரு பிள்ளை ஒரு கட்டடத்தை அவ்வளவு நேரம் பார்த்தான் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. "சூப்பர் இடம் தாத்தா" என்றாள் பேத்தி. "அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றேன், கூசாமல்.

அன்று இரவு மகன் வீடியோவில் வந்தான். "இனாரி எப்படி இருந்துச்சு?"

யாரும் பேசவில்லை. பேரன்தான், "வேகமா இருந்துச்சுப்பா" என்றான்.

அந்தச் சிரிப்பு அடங்கியபின் இன்னொன்று வெளிவந்தது. விமான நிலையத்தில் மகன் என்னை மட்டும் ஓரம் கட்டவில்லை. பேத்தியிடம், "தாத்தா பாட்டியை நீதான் பார்த்துக்கணும்" என்றிருக்கிறான். மனைவியிடம், "அப்பாவைப் பார்த்துக்கம்மா." பேரனிடம், "தாத்தா எங்கயாவது நின்னுடுவாரு, கண்ணு வெச்சுக்கோ." கூட்டிக் கழித்துப் பார்த்தால், மூன்று பேரிடம் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்ட ஒரே உருப்படி நான்தான். என்னிடம் சொன்ன வாக்கியம் ஒப்புக்குச் சொன்னது.

பேரன் மறுநாள் காலை முதல் கடமையை ஏற்றுக்கொண்டான். ஓட்டுநரிடம் கற்ற வித்தையை என்மேல் பிரயோகம் செய்தான். என்னை நிறுத்தி வைத்து, விரலை நீட்டி, உரத்த குரலில்: "கண்ணாடி, சரி! சர்க்கரை மாத்திரை, சரி! பாஸ்போர்ட், பாட்டிகிட்ட, சரி!" பிறகு விரல் கீழே இறங்கி என் காலில் நின்றது. "செருப்பு… தாத்தா!" நாங்கள் தங்கியது பழைய மரவீடு, உள்ளே பாய் விரித்த தரை. கழிவறைக்கு மட்டும் தனிச் செருப்பு, அது அந்த வாசலைத் தாண்டக்கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது நமக்கென்ன புதிதா என்று அலட்சியமாக இருந்தேன். கழிவறைச் செருப்போடு பாயில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வீட்டில் பெரியவனாக இருப்பதற்கு நான் பழகியிருக்கிறேன். ஒரு நிலையத்தில் கொடியசைப்பதற்குப் பழகியிருக்கிறேன். அடுத்தவர் என்னைப் பார்த்துக்கொள்ளும்போது எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. அதற்கும் ஒரு திறமை வேண்டும். தண்ணீர் பாட்டிலை நீட்டினால் வாங்கிக் குடிக்க வேண்டும், "எனக்குத் தாகமில்லை" என்று சொல்லிவிட்டு அரை மணி கழித்து நாக்கு வறண்டு நிற்கக்கூடாது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தால் உட்கார வேண்டும். "அடுத்த ஸ்டாப்தான்" என்று பொய் சொல்லி, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒன்பது ஸ்டாப் போகக்கூடாது. இரண்டிலும் தேறவில்லை.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. கியோட்டோ நகரப் பேருந்தில் பின்பக்கம் ஏறி முன்பக்கம் இறங்க வேண்டும், காசு இறங்கும்போதுதான். ஆளுக்கு 230 யென், சரியான சில்லறையாக. மீதி வராது; வேண்டுமானால் பக்கத்திலுள்ள பெட்டியில் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம். நான் 500 யென் நாணயத்தைப் போட்டுவிட்டு மீதிக்குக் கை நீட்டினேன். பின்னால் இறங்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் பொறுமையாக நின்றார்கள். யாராவது ஒருவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இனாரிக்கு, நின்று போகும் வண்டியில், பிறகு போய்ச் சேர்ந்தோம். நெல்லுக்கும் வியாபாரத்துக்குமான தெய்வம். வாயில் சாவியோ நெற்கதிரோ கவ்விய நரிச் சிலைகள்தான் காவல். 233 மீட்டர் மலை. அதன் உச்சிவரை செந்தூர வளைவுகள், ஏறத்தாழ பத்தாயிரம். எல்லாம் வியாபாரிகளும் கம்பெனிகளும் கொடுத்த காணிக்கை. கொடுத்தவர் பெயரும் தேதியும் தூணில் செதுக்கியிருக்கிறது. நம் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தைவிடப் பெரிதாக 'உபயம்' இருக்குமே, அந்த உறவு முறைதான். ஒரே வித்தியாசம், இங்கே பெயர்கள் தூணின் பின்பக்கத்தில் இருக்கின்றன. ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும்.

என் முழங்கால் இந்த வித்தியாசத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. இருபது படி ஏறுவேன், திரும்பி நிற்பேன், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து ஒரு தூணை ஊன்றிப் படிப்பேன். எனக்கு ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. "என்ன எழுதியிருக்கு தாத்தா?" என்றான் பேரன். "ஒரு ஜவுளிக் கம்பெனி" என்றேன். அடுத்த நிறுத்தத்தில், "இது?" "இதுவும் ஜவுளி." அவன் செல்போனைத் தூணுக்கு நேரே பிடித்தான். மொழிபெயர்த்துச் சொல்லும் செயலி. முதலாவது ஒரு கட்டடக் காண்ட்ராக்டர். இரண்டாவது ஏதோ உணவு மொத்த வியாபாரம். அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "நாலு தெருச் சந்திப்புன்னு மேல ஒரு இடம் இருக்கு, பெஞ்ச் இருக்காம், ஊர் முழுக்கத் தெரியுமாம். அங்க உட்கார்ந்துட்டு நீங்களும் பாட்டியும் இறங்கிடுங்க" என்றான். பாட்டி உடனே சரி என்றாள். அவளுக்கு அந்தத் திறமை பிறவியிலேயே இருக்கிறது. நான் உச்சிவரை போவதாக அறிவித்து, பெஞ்சைத் தாண்டி ஐம்பது படி போய், ஒரு வளைவுக்குப் பின்னால், அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வரும் வழி அந்தப் பக்கம்தான் என்பதை யோசிக்கவில்லை.

சாப்பாட்டில் செய்தது இதையெல்லாம்விடப் பெரிய குற்றம். நான் பரம்பரைச் சைவம். பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் காலையில் சோறு, டோஃபு, ஊறுகாய், மிசோ சூப் தருவார்கள். அந்தச் சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு, "புளிக்க வெச்ச சோயா. இதுல எந்தப் பாவமும் கிடையாது" என்று பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்வேன். பேத்தி ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "தாத்தா, அந்தச் சூப்புக்கு அடித் தண்ணியே மீன்தான். காய வெச்ச மீனைச் சீவிப் போட்டு எடுக்கிறது." உலர்த்திப் புகையூட்டிய சூரை மீன். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசி என்று சம்பலில் இடித்துப் போடுவார்களே, அதே மீன். ஜப்பானியச் சமையலில் பாதிக்கு அஸ்திவாரம் இதுதான். அது இல்லாமல் வேண்டுமானால் துறவிகளுக்கான கோயில் சாப்பாடு தேட வேண்டும்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. நீங்க ரசிச்சுக் குடிச்சீங்க, அதான் சொல்லல."

மறுநாள் காலை கிண்ணம் வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. குடித்தேன். பேத்தி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். அந்நேரம் நாங்கள் தங்கிய வீட்டில் மனைவி, கடையில் வாங்கிய உப்புச் சோற்று உருண்டையை உதிர்த்துப் பருப்புப் பொடி போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இந்தச் சங்கதி இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

சான்ஜுசாங்கென்டோ மண்டபத்தில் என் நோட்டுக்கு ஒரு வெற்றி கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். 1266-இல் திரும்பக் கட்டிய, சுமார் 120 மீட்டர் நீள மரமண்டபம். உள்ளே கன்னான் என்ற கருணைத் தெய்வத்தின் 1001 சிலைகள், ஆள் உயரத்தில், வரிசை வரிசையாக. அவற்றுக்கு முன்னே 28 காவல் தெய்வங்கள். அதில் இந்திரன் இருக்கிறார், பிரம்மா இருக்கிறார், கருடன் இருக்கிறார்; புத்த மதத்தோடு சீனா வழியாக வந்து சேர்ந்தவர்கள். நம்மவர்களைக் கண்ட உற்சாகத்தில் குரல் உயர்ந்துவிட்டது. காவலர் ஒருவர் வந்து குனிந்து வணங்கி, உதட்டில் விரல் வைத்தார். கருடன் அங்கே புல்லாங்குழல் வாசிக்கிறார். "கிருஷ்ணர்கிட்ட கேட்டுட்டுதான் எடுத்தாரா?" என்று பேரன் கிசுகிசுத்தான். என் நோட்டில் இதற்குப் பதில் இல்லை.

அந்த ஆயிரத்தொரு முகங்களில், நாம் பார்க்க ஏங்குகிற ஒருவருடைய முகம் கட்டாயம் இருக்கும் என்று சொல்வார்கள். மனைவி ஒவ்வொரு வரிசையாக நின்று நின்று பார்த்து வந்தாள். யாரைத் தேடினாள் என்று பேத்தி கேட்டாள், நான் கேட்கவில்லை. நான் அப்போது இந்திரனின் ஜப்பானியப் பெயரை நோட்டில் தேடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளி மண்டபத்தில் வெள்ளி கிடையாது. பொன் மண்டபத்தைக் கட்டியவர் யோஷிமிட்சு என்ற ஷோகுன், அதாவது ராணுவ ஆட்சியாளர். வெள்ளி மண்டபத்தை 1482-இல் தொடங்கியவர் அவருடைய பேரன் யோஷிமாசா. நடுவில் 1467 முதல் பத்து வருஷம், யார் அடுத்த ஷோகுன் என்ற சண்டை போராக முற்றி, நகரமே எரிந்துபோனது. யோஷிமாசா மலையடிவாரத்துக்கு ஒதுங்கி, தேநீர், தோட்டம், மை ஓவியம் என்று காலம் கழித்தார். வெள்ளித்தகடு கடைசிவரை ஒட்டப்படவே இல்லை. இதை வைத்து, மூன்று தலைமுறைகளைப் பற்றி நான் ஓர் உரை தயாரித்திருந்தேன். பேரன் அதை முதல் வரியிலேயே முடித்து வைத்தான்: "தாத்தாவே எல்லாக் காசையும் செலவு பண்ணிட்டாரா?"

அங்கேதான் சுற்றுலா வந்த ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் எங்களைப் பிடித்தார்கள். வெளிநாட்டவரிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு எழுதி வருவது அவர்களுக்குப் பாடம். பேத்தியைவிடச் சின்னப் பெண் ஒருத்தி அட்டையைப் பார்த்துப் படித்தாள்: கியோட்டோவில் உங்களுக்கு என்ன பிடித்தது? நான் 794-இலிருந்து ஆரம்பித்தேன். அட்டையில் பதிலுக்கு ஒரு வரிதான் இருந்தது. அவள் பென்சில் அந்தரத்தில் நிற்க, கூட வந்த பையன்கள் நகர ஆரம்பித்தார்கள். பேத்தி குறுக்கிட்டு, "இவருக்கு ரயில் பிடிக்கும்" என்றாள். அந்தப் பெண் மலர்ந்து, எழுதி, எனக்கு ஒரு காகிதக் கொக்கைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதில் பொய் எதுவும் இல்லை என்பதை ரயில் அருங்காட்சியகத்தில் நிரூபித்தேன். அங்கே 1914-இல் கட்டிய விசிறி வடிவ எஞ்சின் கொட்டகையில் இருபது தண்டவாளங்கள், நீராவி எஞ்சின்கள் வரிசையாக முகம் காட்டி நிற்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மீட்டர் கேஜில் நீராவிதான். ஜப்பானின் பழைய பாதை 1067 மில்லிமீட்டர். நம்முடையதைவிட 67 மில்லிமீட்டர்தான் அகலம். அந்த எஞ்சின்கள் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. மதியத்துக்குள் முடித்துவிட்டு, பிள்ளைகள் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மாங்கா என்ற படக்கதைகளின் அருங்காட்சியகத்துக்குப் போவது என்று ஒப்பந்தம். பேத்தி மணி காட்டினாள். "இதோ." மறுபடி காட்டினாள். "இதோம்மா." சுழல்மேடையில் ஓர் எஞ்சினைத் திருப்பினார்கள்; அதைவிட்டு எப்படி வருவது? நாங்கள் மாங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடும் நேரத்து இசை ஒலித்துக்கொண்டிருந்தது.

"பரவாயில்ல தாத்தா" என்றான் பேரன். அவன் வயதில் நான் என் தாத்தாவிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கமாட்டேன்.

அது பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடம். 2006 முதல் மாங்கா அருங்காட்சியகம். சுவர் முழுக்க அடுக்கிய புத்தகங்கள் மட்டும் ஐம்பதாயிரம். எடுத்துப்போய்ப் புல்வெளியில் படுத்துப் படிக்கலாம். மறுநாள் பிராயச்சித்தமாக நானே அழைத்துப்போனேன். பேரன் எனக்கு ஆங்கிலத்தில் ஒன்று தேடிக் கொடுத்தான். கொலைகாரன் முதல் பக்கத்திலேயே பிடிபட்டுவிட்டான், பிறகு ஒவ்வொரு பக்கமாகச் செத்தவர்கள் பிழைத்து எழுந்தார்கள். விசித்திரமான கதை என்று பாராட்டினேன். "தாத்தா, அது வலமிருந்து இடமா படிக்கணும்" என்றான்.

கிளம்பும் நாள், விமான நிலையம் போகும் விரைவு வண்டி கியோட்டோவின் 30-ஆம் நடைமேடையிலிருந்து. பேத்தி டிக்கெட்டையும் என் கைப்பையையும் தானே வைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை, அது ஒரு முன்னேற்றம். ஆனால் அந்த நிலையத்தின் எண் வரிசை என்னை வந்ததிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. 0 என்று ஒரு நடைமேடை இருக்கிறது, 1 கிடையாது. 14-க்கு அடுத்தது 30. நடுவில் பதினைந்து எண்களை எங்கே வைத்தார்கள்? தொழில் முறையில் இதைக் கேட்காமல் ஊர் திரும்ப முடியுமா? வண்டி வர ஐந்து நிமிஷம் இருந்தது. தொப்பி போட்ட ஊழியர் ஒருவரைப் பிடித்து, விரல் விட்டு எண்ணிக் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி வணங்கி, கையால் வடக்கே காட்டி, தெற்கே காட்டி, மிகுந்த அக்கறையோடு, முழுக்க முழுக்க ஜப்பானிய மொழியில் விளக்கினார். நானும் அவ்வப்போது தலையாட்டி, ஓரிடத்தில் "ஆ!" என்றுகூடச் சொன்னேன். பேரன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். வண்டி வந்துவிட்டது.

ஏறி உட்கார்ந்ததும் பேத்தி கேட்டாள், "என்ன சொன்னார் தாத்தா?"

"நியாயமான காரணம்தான்" என்றேன்.